மஜ்ஜையில் உறங்கும் வைரஸ்

நோய் தீர்ந்தது என்றால் நோய்க்கிருமியும் நீங்கிற்று என்றே நாம் எண்ணுகிறோம். ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ்களோ ஒருமுறை உடலிற் புகுந்தால் ஆயுள் முழுதும் அங்கேயே தங்கிவிடுகின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த சைட்டோமெகலோ வைரஸைக் குறித்து இன்று சில கூற விரும்புகிறேன்.

1956, 1957 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவில் மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ, தாமஸ் வெல்லர் ஆகிய மூவரும் தனித்தனியே இதனைப் பிரித்தெடுத்தனர். தான் புகுந்த உயிரணுவைப் பருக்கச் செய்வதால் இப்பெயர் ஏற்பட்டது.

நலமுள்ளவர் பலருக்கு இது தொற்றியதே தெரியாது. பின்னர் இது எங்கே ஒளிகிறது? எலும்பு மஜ்ஜையில், குருதியணுக்களை ஈனும் மூல அணுக்களுள் மிகச் சிலவற்றில். அங்கே வைரஸின் டி.என்.ஏ., தன் மரபணுக்களிற் பெரும்பாலானவற்றை அடக்கிக்கொண்டு, புதிய வைரஸ்களைப் படைக்காமல் கிடக்கிறது. அதனால் உடலின் காவலணுக்கள் அதனைக் கண்டுகொள்வது அரிது.

மூல அணுவிலிருந்து மானோசைட் என்னும் வெள்ளணு தோன்றிக் குருதியில் உலவும்போதும் வைரஸ் உறங்குகிறது. அவ்வெள்ளணு திசுக்களுட் புகுந்து, கிருமிகளை விழுங்கும் பெரிய அணுவாக முதிரும்பொழுது அது விழிக்கக்கூடும். அணுவின் பருவத்தை ஒட்டியே உறக்கமும் விழிப்பும் அமைகின்றன. அவ்வாறு விழிப்பதை நம் டி அணுக்கள் உடனுக்குடன் அடக்குகின்றன. ஆயினும் அது நீறு பூத்த நெருப்பே.

அந்நெருப்பு மூளும் தருணங்களுள் ஒன்று மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. இரத்தப் புற்றுநோயாளிக்குப் பிறருடைய மஜ்ஜையை அளிக்கும்போது அவருடைய காவலணுக்கள் பெரிதும் அழிகின்றன. புதியவை வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். அவ்விடைவெளியில் வைரஸ் விழித்து நுரையீரலைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. கான்சிக்ளோவிர் என்னும் மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ஆனால் புதிதாய் வேரூன்றும் மஜ்ஜையையும் அது நலிவிக்கும். 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லெட்டர்மோவிர், மஜ்ஜையை அவ்வாறு வருத்தாமல் முன்காப்பு அளிக்கிறது.

மாணவர்களே, இம்மருந்துகள் யாவும் விழித்த வைரஸையே தடுப்பன. உறங்குவதை ஒழிக்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. வேண்டுமென்றே அதனை எழுப்பி, டி அணுக்களின் கண்ணிற் படச்செய்து அழிக்கும் வழியை அறிஞர் ஆராய்கின்றனர். நோய் இல்லாமை வேறு, கிருமி இல்லாமை வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே அம்முயற்சியின் தொடக்கம் என்பேன்.