கால் வீங்கினால் கூலி போகும்

கொச்சியில் மட்டாஞ்சேரி பழைய கடைவீதி. அங்கே கிடங்குகளில் மிளகு, சுக்கு, அரிசி மூட்டைகள் ஏறி இறங்கும். மூட்டை தூக்குபவருக்குக் கால்தான் முதல். கால் வீங்கினால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை.

இந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக யானைக்கால் நோய் உண்டு. மலையாளத்தில் இதை 'மந்து' என்பார்கள். வெள்ளைக்காரர்கள் இதற்குக் 'கொச்சிக் கால்' என்றே பெயர் வைத்தார்கள்.

நோய் எப்படி வருகிறது?

சிலர் இதைச் சாபம் என்பார்கள். அது தவறு. நூல் போன்ற புழுக்களே இதற்குக் காரணம். இவற்றைப் பரப்புவது கொசு.

கொச்சி தாழ்வான ஊர். சாக்கடையில் தண்ணீர் தேங்கும். அந்த அழுக்குத் தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு பெருகும். அது இரவில் கடிக்கும். ஒருவர் உடலில் உள்ள புழுக்குஞ்சு கொசு வழியாக இன்னொருவருக்குப் போகும். அது வளர்ந்து நிணநீர்க் குழாய்களில் தங்கும். குழாய்கள் கெடும். நீர் வடியாமல் கால் வீங்கும்.

வீக்கம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். ஆனால் அவரிடமிருந்து நோய் பரவும்.

ஏன் இரவில் ரத்தம் எடுக்கிறார்கள்?

புழுக்குஞ்சுகள் இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால் சுகாதார ஊழியர் இரவில் வருகிறார். பயப்படாமல் விரலைக் காட்டுங்கள். புழு இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை தருவார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கால் வீங்கிவிட்டதா?

மாத்திரை பழைய காலைத் திருப்பித் தராது. ஆனால் சுத்தம் காலைக் காக்கும்.

தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள்.
விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள்.
சிறு புண்ணுக்கும் மருந்து போடுங்கள்.
செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.
படுக்கும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

கால் சிவந்து காய்ச்சல் வந்தால் சூடு வைக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆண்களுக்கு விரைவீக்கமும் வரும். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் பலர். அறுவை சிகிச்சையால் இதைச் சரி செய்யலாம்.

இலங்கையிலும் இந்த நோய் இருந்தது. அங்கே மக்கள் மாத்திரை சாப்பிட்டார்கள். கொசுவையும் கட்டுப்படுத்தினார்கள். 2016இல் அந்த நாடு யானைக்கால் நோயை வென்றுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். சாக்கடையில் குப்பை கொட்டாதீர்கள். கொசுவலை கட்டித் தூங்குங்கள்.