நாடு கடத்தப்பட்டவர் திரும்பி வந்தார்!

இறந்து ஏறக்குறைய 51 ஆண்டுகள் கழித்து, ஒரு மனிதர் தாய்நாட்டுக்குத் திரும்பினார். வந்தது ஆள் அல்ல, எலும்புகள்!

சுவிட்சர்லாந்தில் புதைக்கப்பட்டிருந்த அவரது உடலின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, 2005-ம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவுக்குக் கொண்டு வந்தார்கள். தோன்ஸ்கோய் மடத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

அவர் பெயர் இவான் இலியின். தத்துவப் பேராசிரியர். அவர் அப்படி என்ன எழுதினார்?

கப்பலில் ஏற்றினார்கள்

இலியின் 1883-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். சட்டம் படித்தார். 1917-ல் ருஷியாவில் புரட்சி நடந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். இலியின் அவர்களைக் கடுமையாக எதிர்த்தார். பல முறை கைது செய்யப்பட்டார்.

1922-ல் லெனின் அரசு, தனக்குப் பிடிக்காத அறிஞர்களைக் கப்பலில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பியது. "திரும்பி வந்தால் மரண தண்டனை" என்று எச்சரித்தது. அந்தக் கப்பலில் இலியினும் இருந்தார். அதன் பிறகு அவர் உயிரோடு தாய்நாட்டைப் பார்க்கவே இல்லை.

டால்ஸ்டாய்க்கு மறுப்பு

"தீமையைப் பலாத்காரத்தால் எதிர்க்காதே" என்று போதித்தவர் டால்ஸ்டாய். காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்ட போதனை இது. ஆனால் இலியின் இதை ஏற்கவில்லை. "தீயவனைத் தடுக்க வேறு வழி இல்லாதபோது, வாளை எடுப்பதே கடமை" என்று வாதாடி, 1925-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்.

முசோலினியைப் புகழ்ந்தார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், கம்யூனிசத்தைத் தடுத்தவர் என்று அவரையும் பாராட்டி எழுதினார்.

ஆனால் நாஜிகள் சொன்னபடி எல்லாம் ஆட அவர் மறுத்தார். 1934-ல் வேலை போயிற்று. 1938-ல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். அங்கே குடியேற, புகழ்பெற்ற இசை மேதை ராஹ்மனினோவ் பண உதவி செய்தார்.

"நாடு ஓர் உடல்"

கம்யூனிஸ்டு ஆட்சி ஒரு நாள் விழும் என்று இலியின் நம்பினார். விழுந்த பிறகு என்ன செய்வது?

உடனே ஜனநாயகம் கூடாது என்றார். மக்கள் அதற்குத் தயாராக இல்லை. நாட்டுப்பற்று மிக்க ஒரு பலமான தலைவரின் சர்வாதிகாரமே முதலில் வேண்டும் என்றார். ருஷியா உயிருள்ள ஓர் உடல். அதைத் துண்டாட அன்னியர் சூழ்ச்சி செய்வார்கள் என்றும் எழுதினார். உக்ரைன் தனி நாடாவதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு சர்வாதிகாரத்தால் விரட்டப்பட்டவர், மற்றொரு சர்வாதிகாரத்துக்கு வழி சொன்னார்!

1954-ல் அவர் இறந்தபோது, அவரை அறிந்தவர்கள் வெகு சிலரே.

புதின் சொன்ன மேற்கோள்

1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. தடை செய்யப்பட்டிருந்த இலியினின் நூல்கள் ருஷியாவில் அச்சாயின. ஜனாதிபதி புதின் தம் பேச்சுகளில் அவரை மேற்கோள் காட்டினார். 2009-ல் அவர் கல்லறையில் மலர் வைத்தார். 2014-ல் மாகாண கவர்னர்கள் படிப்பதற்காக, இலியினின் புத்தகம் அனுப்பப்பட்டது.

2022 செப்டம்பர் 30-ந் தேதி, உக்ரைனின் 4 பகுதிகளை ருஷியாவுடன் சேர்ப்பதாகப் புதின் அறிவித்தார். அந்தப் பேச்சை அவர் முடித்தது இலியினின் சொற்களைக் கொண்டுதான்!

புதினின் வழிகாட்டியே இலியின்தான் என்கிறார், அமெரிக்க வரலாற்று ஆசிரியர் டிமோதி ஸ்னைடர். "அப்படி அல்ல, செய்ய நினைத்ததற்குப் பெரியவர் ஒருவரின் பெயர் தேவைப்பட்டது, அவ்வளவுதான்" என்கிறார்கள் வேறு சில அறிஞர்கள்.

மாணவர் எதிர்ப்பு

மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகம், 2023-ல் தொடங்கிய அரசியல் கல்வி மையத்துக்கு இலியின் பெயரைச் சூட்டியது. அதன் தலைவர், தேசியவாதத் தத்துவவாதி அலெக்சாண்டர் துகின்.

2024-ல் மாணவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். "ஹிட்லரின் படையை எதிர்த்து 2 கோடிக்கு மேற்பட்டவர்களைப் பலி கொடுத்த நாடு இது. ஹிட்லரைப் பாராட்டியவர் பெயர் இங்கே எதற்கு?" என்பதே அவர்கள் கேள்வி. பெயரை நீக்கக் கோரும் மனுவில் பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள்.

எழுதியவர் மண்ணுக்குள் போய்விட்டார். எழுதிய சொற்களோ, அவர் பார்க்காத ஒரு போரின் மேடையில் ஒலித்தன!