பித்துக்கு என்ன விலை?

பைத்தியம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு ஒரு பைத்தியமாவது இல்லாமல் இராது. சிலருக்குக் கோலப் பைத்தியம். விடிவதற்குள் வாசலில் இருபத்தொரு புள்ளி வைத்தால்தான் தொண்டையில் காப்பி இறங்கும். சிலருக்குப் பின்னல் பைத்தியம். கல்யாண வீட்டில்கூடக் கைப்பையிலிருந்து குரோஷா ஊசி எட்டிப் பார்க்கும். இன்னும் சிலருக்கு ஊறுகாய்ப் பைத்தியம். மாவடு வரும் நாட்களில் அவர்களிடம் வேறு பேச்சே பேச முடியாது!

வீட்டில் இருப்பவர்கள் இதற்கு இரண்டே வார்த்தைதான் வைத்திருப்பார்கள். பொருள் நன்றாக அமைந்துவிட்டால் "பேஷ்!" செலவு அதிகமானால் "இதெல்லாம் எதற்கு?" இரண்டிலும் காலணா பெயராது.

ஆனால் அந்த "பேஷ்" பணமாக மாறுவதும் உண்டு. எப்படி மாறுகிறது என்பதை, மாற்றிக் காட்டிய மூன்று பெண்மணிகளைக் கொண்டே பார்ப்போமே!

கேட்டு வந்த கடிதங்கள்

சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பப் பொறுப்போ தலைமேல். அவருடைய கைமணம் உறவினரிடையே பெயர் பெற்றது. கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள், "இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது?" என்று கடிதம் எழுதுவார்கள். அம்மாளும் சலிக்காமல் பதில் எழுதுவார். கடிதங்கள் பெருகவே, எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போட்டுவிடலாமே என்று அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் யோசனை சொன்னார். 1951-ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது.

தாயார் இலவசமாகச் சொல்லிக் கொடுப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். தாயார் பக்கத்தில் இல்லாத பெண்கள் வாங்கினார்கள்! கல்யாணச் சீரில் அந்தப் புத்தகத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. கடல் கடந்து போன பெட்டிகளிலும் அது போயிற்று. 1962-ல் அம்மாள் காலமானார்; புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அம்மாள் சாம்பாரை விற்கவில்லை. சாம்பார் வைக்கும் வழியை விற்றார். "உப்பைக் கைத்திட்டமாகப் போடு" என்பது பழகிய கைக்குச் சரி. அடுப்பங்கரையில் முதல் முறையாக நிற்கும் பெண்ணுக்கு அது எப்படிப் புரியும்? அவர் அளவு சொன்னார், படிப்படியாக விளக்கினார். நமக்குக் கைவந்த வித்தை, முன்பின் தெரியாத ஒருவர் கைக்கும் வரும்படி செய்ததுதான் அவருடைய மூலதனம்.

முயல் வாங்கிய பண்ணை

கடிதம் புத்தகமான கதை இங்கிலாந்திலும் உண்டு. பீட்ரிக்ஸ் பாட்டர் பணக்கார வீட்டுப் பெண். ஆனால் தமக்கென்று சம்பாத்தியம் கிடையாது; பெற்றோர் சொன்னபடிதான் நடக்க வேண்டும். அவருக்குச் சித்திரப் பைத்தியம். முயல், எலி, காளான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து தள்ளுவார். தம் பழைய ஆசிரியையின் ஐந்து வயதுப் பிள்ளை நோயாய்ப் படுத்திருந்தபோது, 1893-ல், நான்கு முயல் குட்டிகளின் கதையைப் படங்களோடு கடிதமாக எழுதி அனுப்பினார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அதைப் புத்தகமாக்க முயன்றார். பதிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிரித்தார்கள். அம்மணி அழுதுகொண்டு உட்காரவில்லை. சொந்தச் செலவில், 1901 டிசம்பரில், 250 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். குழந்தைகள் கைக்கு அடக்கமான சின்னப் புத்தகம். அது போதாமல் சில வாரங்களில் மறுபடியும் அச்சிட வேண்டியதாயிற்று. முன்பு மறுத்தவர்களில் ஒருவரான வார்ன் கம்பெனியார் 1902-ல் அதை வண்ணப் படங்களோடு வெளியிட்டார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் 28,000 பிரதிகள் அச்சாகிவிட்டன! மறு வருஷமே தம் முயலுக்கு ஒரு பொம்மை செய்து, அதன் உரிமையையும் தம் பெயரில் பதிவு செய்துகொண்டார் பாட்டர்.

1905-ல், புத்தக வருமானத்தோடு உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சிறு தொகையையும் சேர்த்து, ஒரு பண்ணை வாங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. 1943-ல் அவர் மறைந்தபோது நாட்டுக்கு விட்டுச் சென்ற நிலம் 4,000 ஏக்கருக்கு மேல்!

முதலில் 250 பிரதிதான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நகையை அடகு வைத்துப் பத்தாயிரம் பிரதி அச்சிட அவர் கிளம்பவில்லை.

எழுதத் தெரியாத எழுத்தாளர்

மறுபடியும் சென்னைக்கு வருவோம். வை. மு. கோதைநாயகி அம்மாளுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. ஆனால் கதை சொல்லுவதில் அப்படியொரு மோகம். சரளமாக எழுத வராத காலத்தில் அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு அம்மாளே எழுதப் பழகிக்கொண்டார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கித் தம் கதைகளைத் தாமே வெளியிட்டார். எழுதிய நாவல்கள் 115. நமக்கு வராததற்கு இன்னொருவர் கையைக் கேட்பதில் வெட்கம் என்ன?

உங்கள் கணக்கு

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு குரோஷா மேஜை விரிப்பு பின்னுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் 300 ரூபாய். தினம் இரண்டு மணி வீதம் இருபது நாள் உழைப்பு. அடுத்த வீட்டு மாமி ஆசைப்பட்டதால் 700 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, "நானூறு ரூபாய் லாபம்!" என்று பூரிக்கிறீர்கள். நாற்பது மணி நேரத்துக்கு நானூறு ரூபாய். அதாவது, மணிக்குப் பத்து ரூபாய்! உங்கள் கைக்கு அவ்வளவுதானா மதிப்பு?

பெண்கள் விலை போடும்போது நூலை எண்ணுவார்கள், ஊசியை எண்ணுவார்கள், தபால் செலவைக்கூட எண்ணுவார்கள். தங்கள் நேரத்தை மட்டும் எண்ணமாட்டார்கள். "சும்மா இருந்த நேரம்தானே!" என்பார்கள். அந்த 'சும்மா'வில்தான் சம்பாத்தியம் முழுவதும் ஒழுகிப் போகிறது.

விலையை ஏற்றினால் வாங்குவார் இல்லையென்றால், பொருளை மாற்றிப் பாருங்கள். இருபது நாள் விரிப்புக்குப் பதில், இரண்டு மணியில் முடியும் சின்ன உறை பின்னலாம். அல்லது மீனாட்சி அம்மாள் வழியில், பின்னலை விட்டுப் பின்னும் வழியை விற்கலாம். ஆறு பெண்களைக் கூடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால், உங்கள் ஒரு மணி ஆறு பங்காகப் பலன் தரும். ஒரு நோட்டுப் புத்தகமும் போடுங்கள். யார் எதைக் கேட்டார்கள் என்று மூன்று மாதம் குறித்து வாருங்கள். திரும்பத் திரும்ப எதைக் கேட்கிறார்களோ, உங்கள் சரக்கு அதுதான்.

"விற்க ஆரம்பித்தால் ஆசை போய்விடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்காக ஒன்று செய்யுங்கள்: வாரத்தில் ஒரு பொழுதை யாருக்கும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அன்று பின்னுவது உங்களுக்காக. அதற்கு விலை கிடையாது.

மற்ற நாட்களில் யாராவது, "எனக்கும் ஒன்று போட்டுக் கொடேன்" என்று கேட்டால், சிரித்த முகத்தோடு விலையைச் சொல்லுங்கள். முதல் தடவை நாக்கு கொஞ்சம் குழறும். இரண்டாம் தடவை பழகிவிடும்!