அர்ஜுனின் தலை, 'டி-72'வின் உடல்: களம் காணாத ஆவடி டாங்கி

புது தில்லி: அர்ஜுன் டாங்கியின் தாமதம் குறித்து நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் கேள்விகள் எழுந்தன. அதே ஆவடியில் உருவாகி, சோதனைக் கட்டத்தோடு கைவிடப்பட்ட 'டாங்க்-எக்ஸ்' பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. 'கர்ணா' என்பது அதன் மற்றொரு பெயர். பெயர் வைத்தவருக்கு மகாபாரதம் நன்கு தெரிந்திருக்க வேண்டும்.

1974-இல் ரூ.15.5 கோடியில் அனுமதிக்கப்பட்ட அர்ஜுன் திட்டத்துக்கு 2000-ஆம் ஆண்டில்தான் 124 டாங்கிகளுக்கான ஆணை கிடைத்தது. 58.5 டன் எடையைப் பாலங்களும் ரயில் வேகன்களும் தாங்குமா என்பது ராணுவத்தின் நெடுநாள் கவலை. ரஷிய வடிவமைப்பான டி-72 டாங்கியோ 41.5 டன்தான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலேயே அது தயாரிக்கப்பட்டு வந்தது.

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆவடி விஞ்ஞானிகள் இரண்டையும் இணைத்தனர். டி-72வின் அடிப்பகுதி மீது, 120 மி.மீ. பீரங்கியுடன் கூடிய அர்ஜுனின் சுழல்மேடை பொருத்தப்பட்டது. எஞ்சின் 1,000 குதிரைத் திறன் கொண்டது. மொத்த எடை ஏறத்தாழ 47 டன்.

ஆக, எடைப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், காலம் கடந்துவிட்டிருந்தது. 310 டி-90 டாங்கிகளுக்கு ரஷியாவுடன் 2001 பிப்ரவரியிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதன் எடை 46.5 டன், எஞ்சினும் அதே 1,000 குதிரைத் திறன்தான். இறக்குமதிக்கு ஏறக்குறைய இணையான ஒன்று உள்நாட்டில் கிடைத்தபோது அதற்கான இடம் நிரம்பியிருந்தது. டாங்க்-எக்ஸை ராணுவம் ஏற்கவில்லை.

ராணுவத்தின் பக்கமும் நியாயம் உண்டு. டி-72, டி-90 இரண்டிலும் இருப்பது 125 மி.மீ. பீரங்கி. ஒன்றின் குண்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. இருவகைக் குண்டுகளையும் போர்முனைக்குக் கொண்டு செல்வது எளிதல்ல. ஆனால், அர்ஜுனுக்கும் இதே சிக்கல் உண்டு. இருந்தும், 2010-இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் டி-90 உடன் அர்ஜுன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது. அதன்பின் மேலும் அர்ஜுன் டாங்கிகள் வாங்க ஒப்புதலும் கிடைத்தது. கர்ணாவுக்கு அத்தகைய வாய்ப்பு வழங்கப்படவில்லை.

மேம்படுத்தப்பட்ட 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 2021 செப்டம்பரில் ரூ.7,523 கோடிக்கு ஆணை வழங்கப்பட்டது. அவை ஒவ்வொன்றின் எடை சுமார் 68 டன்!