போலீஸிடம் சொன்னால் செல்லாது

‘கைதானவர் போலீஸில் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற தலைப்பைப் பார்க்காத நாளிதழ் வாசகர் இருக்க மாட்டார். அதைப் படித்ததுமே வழக்கு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அவனே ஒத்துக்கிட்டானே, இன்னும் என்ன விசாரணை?

ஆனால், அந்த வாக்குமூலத்தைக் கைதானவருக்கு எதிரான சாட்சியமாக நீதிபதி முன் வைக்கவே முடியாது. காவல் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-ம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25-வது பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் 23-வது பிரிவில் அதையே திரும்பச் சொல்கிறது.

தன் போலீஸையே நம்பாத ஒரு சட்டத்தை வெள்ளைக்கார அரசு ஏன் எழுதியது? விடையின் ஒரு பகுதி சென்னை மாகாணத்தில் இருக்கிறது. இங்கே நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைத்த ஆணையம் 1855-ல் அறிக்கை கொடுத்தது. வரி பாக்கியை வசூலிக்கவும், திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் ஒரே முறைகள்தான் கையாளப்பட்டன என்பது அதில் அம்பலமானது. ‘கிட்டி’ என்பது மரக்கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. ‘அண்ணாந்தாள்’ என்பது தலையைக் கால்விரலோடு சேர்த்துக் கட்டிவிடுவது. நம் ஊர்ச் சொற்கள் இரண்டும் ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறின. லண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் 1857-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இதை எடுத்து எழுதினார்.

போலீஸ் வாக்குமூலத்துக்கான தடை 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதலில் வந்தது. பிறகு சாட்சியச் சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை அங்கே கொண்டுபோனார். போலீஸ் ஏன் அடிக்கிறது என்பதற்கு ஓர் அதிகாரி சொன்ன காரணத்தையும் ஸ்டீபன் பிற்பாடு பதிவு செய்திருக்கிறார். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து பிடிபட்டவன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்ப்பது சுகமான வேலையாம்!

அப்படியானால், போலீஸிடம் சொன்னது அத்தனையும் வீண்தானா? இல்லை. ஒரு சந்து உண்டு. பழைய 27-வது பிரிவு அது. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள வார்த்தைகள் மட்டும் செல்லும். எவ்வளவு செல்லும் என்பதைத் தெளிவாக்கியது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று. புலுக்குரி கோட்டய்யா வழக்கு என்று சட்ட மாணவர்கள் அத்தனை பேரும் படிப்பது. குளக்கரையில் பதுங்கி இருந்தோம், இருவரை அடித்துக் கொன்றோம், ஈட்டியையும் தடியையும் வைக்கோல் போரில் ஒளித்துவைத்தேன், வந்தால் காட்டுகிறேன் என்று கைதான ஒருவர் வரிசையாகச் சொல்லியிருந்தார். அன்று இந்திய வழக்குகளுக்கும் மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் பெரும்பகுதியை வெட்டித் தள்ளியது. வைக்கோல் போரும் ‘வந்தால் காட்டுகிறேன்’ என்பதும் மட்டுமே மிஞ்சின. கொலையைச் சொன்ன வார்த்தைகள் குப்பைக்குப் போயின. இன்றும் கத்தி, நகை, செல்போன் ‘பறிமுதல்’ வழக்குகள் எல்லாம் இந்த அளவுகோலில்தான் நிற்கின்றன.

செல்லக்கூடிய வாக்குமூலம் மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து முன்பு 164 வாக்குமூலம் என்பார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தில் அது 183. ‘நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பலாம்’ என்று மாஜிஸ்திரேட் முதலில் விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். பொதுவாக 24 மணி நேரமாவது தருவது நல்லது என்று உச்ச நீதிமன்றம் 1957-லேயே சொன்னது. எதுவும் சொல்ல விருப்பமில்லை என்று கைதானவர் மறுத்தால், போலீஸ் காவலுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி.

தமிழ்நாட்டுக்கே உரிய இன்னொரு காட்சியும் உண்டு. கொலை செய்தவர் நேரே கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) அலுவலகம் போய் நடந்ததைச் சொன்னதாகவும், அவர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனில் ஒப்படைத்ததாகவும் வழக்கில் வரும். வி.ஏ.ஓ. போலீஸ் அல்ல என்பதால் இது சட்டப்படி செல்லும். முன்பின் தெரியாத அதிகாரியைத் தேடிப்போய் ஒருவர் ஏன் மனம்திறந்தார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்விதான். வேறு சாட்சியம் துணைக்கு இல்லாவிட்டால், இத்தகைய வாக்குமூலத்தை நீதிமன்றங்கள் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்கின்றன.

போலீஸ் வாக்குமூலத்துக்கான தடையை விலக்கினால் என்ன ஆகும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 1987-ன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா, எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் 1998-ல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மறுஆண்டு உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆனாலும் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டு, பேரறிவாளன் உள்ளிட்ட நால்வரின் தூக்கை உறுதிசெய்தது. பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013-ல் வெளிப்படையாகப் பேசினார். வெடிகுண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட, தான் வாங்கிக்கொடுத்த பேட்டரி எதற்கு என்று தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வரியைத் தான் எழுதாமல் விட்டதாகவும் கூறினார். 19 வயதில் கைதானவர் 2022 மே 18 அன்றுதான் உச்ச நீதிமன்ற உத்தரவால் விடுதலையானார்.

தடா 1995-ல் காலாவதியானது. அதே வழியில் வந்த பொடா 2004-ல் ரத்தானது. ஆனால், திட்டமிட்ட குற்றங்களைத் தடுக்க மகாராஷ்டிரம் 1999-ல் கொண்டுவந்த ‘மோக்கா’ சட்டத்தில், எஸ்.பி.யிடம் கொடுக்கும் வாக்குமூலம் இன்றைக்கும் செல்லும்.