பட்டறைப் பாஷை – 14: சைபருக்குத் தலைமேல் ஒன்றுமில்லை

கியூஆர் கட்டத்தின் மூன்று மூலைக் கண்களும், 1994இல் அதை உருவாக்கிய மசாஹிரோ ஹராவும் சென்ற வாரத்தோடு முடிந்தன. விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் யென் குறி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு கீபோர்டு குறுக்கே வந்துவிட்டது.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஜப்பான் புதிதில்லை. 1998இல் மிட்சுபிஷி லான்சர் கார், திருவள்ளூரை ஒட்டிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்துதான் வெளியே வந்தது. 2023இல் மிட்சுபிஷி எலெக்ட்ரிக், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பெருவாயலில் 1,891 கோடி ரூபாய்க்கு ஏசி, கம்ப்ரஸர் ஆலை போடுவதாக அறிவித்தது. பெரிய ஆலை வந்தால் அதற்குச் சாமான் கொடுக்கும் சின்னப் பட்டறைகள் சுற்றிலும் முளைக்கும். ஜப்பான் மெஷின்கள் வரும். அவற்றோடு அட்டைப்பெட்டியில் உதிரிகளும் வரும். எனக்கு மெஷினைவிட உதிரிகள் மேல்தான் கண். ஸ்டோர்ஸ் மேசையில் சுருள் ஒயரோடு கிடக்கும் பார்கோடு ஸ்கேனர் அதில் ஒன்று. நம் ஆட்கள் அதைக் ‘கன்’ என்பார்கள்.

ஜப்பானில் பயன்படுத்துவதற்கென்றே அமைத்துவிட்ட கன்னை இங்கே ஆங்கிலக் கம்ப்யூட்டரில் செருகினால் ஒரு வினோதம் நடக்கும். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். எண், எழுத்து, நடுவில் சின்னக் கோடு போட்ட பார்ட் நம்பர் எத்தனை வந்தாலும் பிசகாது. பிறகு ஒருநாள் புது மாதிரி லேபிள் ஒட்டிய பெட்டி வந்து இறங்கும். கன் பீப் அடிக்கும், பச்சை விளக்கு எரியும், சாஃப்ட்வேர் மட்டும் ஏற்காது. “கன்னு படிக்குதுண்ணே, சிஸ்டம்தான் எடுக்க மாட்டேங்குது” என்று ஸ்டோர்ஸ் தம்பி சொல்வார். உடனே பிரிண்டர் ரிப்பனைச் சந்தேகிப்பார்கள், லேபிள் அடித்தவனைத் திட்டுவார்கள், கண்ணாடியைத் துணியால் துடைப்பார்கள்.

லேபிளிலும் கோளாறில்லை, கண்ணாடியிலும் இல்லை. யூஎஸ்பி வழியாக இந்தக் கன் பெரும்பாலும் கீபோர்டு வேஷத்தில்தான் கம்ப்யூட்டருக்குள் போகிறது. கீபோர்டு என்பது எழுத்தை அனுப்புவதே கிடையாது. எந்த இடத்துக் கீயை அமுக்கினார்கள் என்பதை மட்டும் அனுப்பும். தெருப்பெயர் சொல்லாமல் ‘மூணாவது வீடு’ என்று முகவரி கொடுப்பது மாதிரி. எந்தத் தெரு என்பதைக் கேட்கிறவர் தீர்மானித்துக்கொள்வார். கன் மனத்தில் ஜப்பான் கீபோர்டு, கம்ப்யூட்டர் மனத்தில் அமெரிக்கக் கீபோர்டு.

தொழிற்சாலைச் சரக்கு லேபிள்களில் ஒருவகை, ஐஎஸ்ஓ 15434 என்ற விதிப்படி, [)> என்ற மூன்று குறிகளோடுதான் ஆரம்பிக்க வேண்டும். ஜப்பான் கன் அதைப் படித்து அனுப்பினால் ஆங்கிலத் திரையில் ](> என்று விழும். இரண்டு அடைப்புக்குறியும் முதுகைத் திருப்பிக்கொள்கின்றன! @ போட்டால் [ வரும். சமக்குறி அடிக்கோடாகும். கூட்டல் குறி முக்காற்புள்ளியாகும். வாசலிலேயே மூன்றில் இரண்டு குறி தப்பாக வந்தால் எந்த சாஃப்ட்வேர் உள்ளே விடும்?

ஜப்பான்காரர்கள் ஏன் இப்படிக் கோணலாக அடுக்கினார்கள் என்று தேடப்போய்த்தான் இந்த வாரம் தொலைந்தது. அது அவர்கள் செய்த கோணலே இல்லை. அமெரிக்காவின் பழைய அடுக்கு!

1963இல் ஆஸ்கி குறியீடு வந்தது. அதே காலத்து டெலிடைப் 33 மெஷினில் ஷிஃப்ட் அமுக்கினால் ஒரே ஒரு பிட் மாறும். அவ்வளவு எளிய ஏற்பாடு, செலவும் குறைவு. அதற்குத் தோதாக ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறியை ஜோடி சேர்த்திருந்தார்கள். 1க்கு ஆச்சரியக்குறி, 2க்கு மேற்கோள் குறி, 8க்கும் 9க்கும் அடைப்புக்குறிகள். சைபருக்கு? அதன் ஜோடி இடத்தில் வெற்றிடம், அதாவது ஸ்பேஸ், உட்கார்ந்துவிட்டது. ஜப்பான் கீபோர்டில் இன்றைக்கும் ஷிஃப்ட்டோடு சைபரை அமுக்குங்கள், ஒன்றும் வராது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பிட் கணக்கு, அந்தக் கீயின் தலையை மொட்டையாகவே வைத்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், யாரும் அசரவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். 1878இல் வந்த ரெமிங்டன் 2ஆம் மாடல் டைப்ரைட்டரிலேயே 2இன் மேல் மேற்கோள் குறிதான். 6இன் மேல் அடிக்கோடு. பிற்காலத்து மெஷின்களில் அடைப்புக்குறிகள் 9, 0 மேல் நின்றன. ஆஸ்கியில் சைபரின் இடம் போய்விட்டதால், அடிக்கோட்டை 6இலிருந்து இறக்கிவிட்டு மற்றதையெல்லாம் ஒவ்வொரு படி இடப்பக்கம் தள்ளினார்கள். அப்படித்தான் அடைப்புக்குறி 8க்கு வந்தது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் தேறிய பழைய ஆட்கள் ஜப்பான் கீபோர்டில் 2ஐப் பார்த்தால் ‘நம்ம மெஷின்’ என்பார்கள்.

மாறியது அமெரிக்காதான். 1961இல் ஐபிஎம் செலக்ட்ரிக் எலெக்ட்ரிக் டைப்ரைட்டர் 2இன் மேல் @ஐயும் 8இன் மேல் நட்சத்திரத்தையும் ஏற்றியது. ஆபீஸ்கள் அதற்குப் பழகிவிட, கம்ப்யூட்டரும் பின்னாலேயே போயிற்று. 1977 ஆப்பிள்-II கூடப் பழைய அடுக்கோடுதான் வந்தது. பிறகு அதுவும் விட்டுவிட்டது. ஜப்பான் விடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு பெட்டி லேபிள் முதுகைத் திருப்புவதற்குப் பின்னால் இவ்வளவு சங்கதி.

வைத்தியம் சின்னது. கன்னோடு வரும் கையேட்டில் கீபோர்டு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பார்கோடுகள் அச்சிட்டிருக்கும். அமெரிக்கா என்பதைப் படிக்கவைத்தால் சரியாகிவிடும். கையேடு முழுக்க ஜப்பானிய மொழியில் இருப்பதுதான் வேதனை. கையேட்டைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் ஸ்டோர்ஸ்காரரைக் கண்டால் நான் கும்பிடுவேன்.

சரக்கு லேபிளோடு இது நிற்பதுமில்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கிய ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களையும் பிடித்தது. கும்மிடிப்பூண்டிச் சின்னப் பட்டறைகள் பலவும் உள்ளே வந்துவிட்டன. பில்லில் இருக்கும் கியூஆருக்குள் மின் கையொப்பமிட்ட நீண்ட சரம் ஒன்று கிடக்கிறது. எண், எழுத்து, புள்ளியோடு சின்னக் கோடும் அடிக்கோடும் அதில் வரலாம். ஜப்பான் கீபோர்டில் அடிக்கோட்டுக்குத் தனிக் கீ. அமெரிக்கக் கீபோர்டில் அப்படியொரு கீயே கிடையாது. ஆகவே அந்த ஜப்பான் கன் படித்தால் அடிக்கோடெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். ஒன்று உதிர்ந்தாலும் கையொப்பம் செல்லாது. நல்ல பில் போலி பில்லாகத் தெரியும். சரக்கோடு லாரி வெயிலில் நிற்கும்.

அந்த அடிக்கோட்டுக் கீக்கு மூன்று வரிசை மேலேதான் யென் குறி இருக்கிறது. ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே சாய்கோடு நிற்கவேண்டிய இடத்தில் ஜப்பான் விண்டோஸ் ஏன் பணக்குறியைக் காட்டுகிறது என்பது அடுத்த வாரம். இந்த முறை நிச்சயம்.