பாஸ்தா சாஸ் ரொம்ப புளிக்குதா? சர்க்கரை டப்பாவை எடுக்கும் முன் இதைப் படிங்க!

வீட்டில் செய்யும் பாஸ்தா சாஸில் பலருக்கும் வரும் சிக்கல், புளிப்பு தூக்கலாக இருப்பதுதான். தக்காளியில் உள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்களே காரணம். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு இன்னும் கூடும்.

சர்க்கரை போட்டால் சரியாகிடுமா?

ஆகாது. அமிலம் அப்படியேதான் இருக்கும். நாக்குக்கு மட்டும் புளிப்பு குறைந்த மாதிரி தெரியும். கொஞ்சம் கூடினாலும் சாஸ் ஜாம் மாதிரி ஆகிவிடும்.

அப்போ என்ன செய்வது?

இத்தாலிய சமையல் நூல்களால் புகழ்பெற்ற மார்செல்லா ஹசானின் செய்முறை ரொம்ப எளிது. தோல் நீக்கிய 2 கப் தக்காளி, 5 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், உப்பு. அவ்வளவுதான், பூண்டுகூட கிடையாது. சிறு தீயில் மூடாமல் 45 நிமிடம் கொதிக்கவிட்டு, வெங்காயத்தை எடுத்துவிட வேண்டும். வெங்காயத்தின் இனிப்பு சாஸில் இறங்கும். வெண்ணெயின் கொழுப்பு புளிப்பின் கூர்மையை மட்டுப்படுத்தும்.

அப்படியும் புளிக்குதா?

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடலாம். நுரைத்து அடங்கும்போது அமிலம் நிஜமாகவே குறையும். அளவு மீறினால் சோப்பு வாடை வந்துவிடும், கவனம்!

கடைசியாக, பாஸ்தா வேகவைத்த தண்ணீரைக் கொட்டிடாதீங்க. அதில் ஒரு கரண்டி சேர்த்தால், அதிலுள்ள மாவுச்சத்து சாஸைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும்.